இறங்கும் ஆவி, ஏறும் வாயு

கொச்சியில் பெட்ரோல் போட வரும் காரிலிருந்து யாரும் இறங்குவதில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஆயிரத்துக்கு" என்று சொன்னால் போதும். மழை கொட்டினால் அதுவும் வசதிதான். சி.என்.ஜி. நிரப்பும் வரிசையில் அந்த வசதி கிடையாது. கைக்குழந்தையோடு வந்தவரும், முழங்கால் வலிக்கும் பாட்டியும் இறங்கிக் குடை பிடித்துத் தள்ளிப்போய் நிற்க வேண்டும். மட்டாஞ்சேரியின் நெரிசலான தெருக்களைக் கடந்து, வரிசையில் அரை மணி நேரம் காத்திருந்து வந்தவர்களுக்கு இது எரிச்சல் தருவது இயல்பு. "அப்போ காஸ்தான் ஆபத்து, பெட்ரோல் பரவாயில்லை" என்ற முடிவுக்கும் பலர் வந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. இரண்டுமே ஆபத்தான எரிபொருள்கள்தான். ஆனால் இரண்டின் குணமும் நேர் எதிர். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரைக்கு இறங்கும், ஊர்ந்து பரவும், சிறிய பொறிக்கும் பற்றிக்கொள்ளும். சி.என்.ஜி. என்ற இயற்கை வாயு காற்றைவிட லேசானது. மேலே ஏறி மறைந்துவிடும், ஆனால் அதைப் பயங்கரமான அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறோம். பங்க்கில் எழுதி வைத்திருக்கும் விதிகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன. காரணம் புரிந்துவிட்டால், யாரும் கண்காணிக்காத இடத்திலும் விதியை நாமே கடைப்பிடிப்போம். ஏனென்றால் பங்க்கை விட்டு வெளியே வந்த பிறகு, வீட்டுக் கொட்டகையிலும் குடோனிலும், நம்மைத் தடுக்க ஊழியர் யாரும் இல்லை.

இரண்டு எரிபொருளும் ஒரே ஊரில்

ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் நின்றால் முகத்துவாரத்துக்கு அக்கரையில் தெரிவது வைப்பின் தீவு. அங்கே புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் எல்.என்.ஜி. முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் குளிரில் திரவமாக்கப்பட்ட இயற்கை வாயு கப்பலில் அங்கே வந்து இறங்குகிறது. அந்தக் குளிரில் வாயுவின் பருமன் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால்தான் கடல் கடந்து கொண்டுவருவது கட்டுப்படியாகிறது. கரையில் அதைச் சூடாக்கி மறுபடி வாயுவாக்கிக் குழாயில் செலுத்துகிறார்கள். 2016இல் களமசேரியில் குழாய் வழியே அடுப்பெரிக்க வந்த இந்த வாயு, 2018இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் வாகனங்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது. கொச்சியையும் மங்களூருவையும் இணைக்கும் 450 கிலோமீட்டர் குழாய்ப் பாதை 2021 ஜனவரி 5ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது.

பெட்ரோலும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அம்பலமுகளில் உள்ள சுத்திகரிப்பு ஆலை 1966 முதல் இயங்குகிறது. இன்று கொச்சியில் ஓடும் சி.என்.ஜி. கார்கள் பெரும்பாலும் இரண்டு எரிபொருளையும் சுமப்பவை. டிக்கியில் காஸ் சிலிண்டர், பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். ஆகவே இரண்டின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருப்பவர் காரின் சொந்தக்காரர்தான்.

பெட்ரோல்: கண்ணுக்குத் தெரியாத வெள்ளம்

தீப்பிடிப்பது பெட்ரோல் என்ற திரவம் அன்று, அதிலிருந்து கிளம்பும் ஆவி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே எரியக்கூடிய ஆவியை வெளிவிடத் தொடங்கிவிடும். கொச்சியின் 30 டிகிரி வெக்கையில் அது எப்போதும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் ஆவி இருந்தால் மட்டும் தீப்பற்றாது. காற்றோடு சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். நூறு பங்கு கலவையில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 பங்கிலிருந்து 7.6 பங்குவரை இருந்தால் எரியும். அதற்குக் குறைந்தால் எரிபொருள் போதாது, கூடினால் ஆக்சிஜன் போதாது. நம் ஊர் வெப்பத்தில் பெட்ரோல் டேங்கின் உள்ளே ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் அங்கே பொதுவாகத் தீப்பற்றாது. ஆபத்து டேங்கின் வாயில்தான். உள்ளே இருக்கும் அடர்ந்த ஆவி வெளியே வந்து காற்றோடு கலந்து நீர்த்துப்போகும் இடத்தில், எரியக்கூடிய விகிதம் எங்கேயோ ஓர் இடத்தில் கட்டாயம் உருவாகும்.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டேங்கில் 30 லிட்டர் பெட்ரோல் இறங்கும்போது, அங்கே இருந்த 30 லிட்டர் ஆவியும் காற்றும் வெளியே தள்ளப்படுகின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவி என்று வைத்துக்கொண்டால் 10 லிட்டர். 1.4 சதவீதம்வரை நீர்த்தாலும் எரியும் என்பதால், அந்த 10 லிட்டர் ஆவி சுமார் 700 லிட்டர் காற்றை எரியும் கலவையாக்கப் போதுமானது. காற்றோட்டம் உள்ள திறந்த பங்க்கில் அது சீக்கிரம் கலைந்துவிடும். சில பங்க்குகளில் இந்த ஆவியை நாசிலே உறிஞ்சித் திரும்ப அனுப்பும் ஏற்பாடும் உண்டு. ஆனால் காற்று அசையாத மாலையில், நிரப்பும் இடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கீழே அந்த ஆவி கொஞ்ச நேரம் தங்கும். பீடி பற்றவைக்கக் கூடாது, இன்ஜினை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இதற்காகத்தான். ஓடி வந்த காரின் அடியில் இருக்கும் புகை வடிகட்டி 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பெட்ரோல் ஆவி தானாகப் பற்றிக்கொள்ள 280 டிகிரி போதும்.

கனமான ஆவி எவ்வளவு தூரம் ஊர்ந்து போகும் என்பதற்கு ஜெய்ப்பூர் சாட்சி. 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுராவில் இருந்த இந்தியன் ஆயில் கிடங்கில் ஒரு வால்வு வழியாகப் பெட்ரோல் பீறிட்டது. உடனே தீப்பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி தரையோடு தரையாக வளாகம் முழுக்கப் பரவிய பிறகு, எங்கிருந்தோ ஒரு பொறி கிடைத்தது. 11 பேர் உயிரிழந்தார்கள். தீ நாட்கணக்கில் எரிந்தது. ஆவி மேலே போகும் தன்மையுடையதாக இருந்திருந்தால் அந்தப் பேரழிவு அந்த அளவுக்குப் போயிருக்காது.

விரல் நுனியில் பிறக்கும் பொறி

தீக்குச்சியைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறோம். நம் உடம்பே பொறி உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. உலர்ந்த ஏ.சி. காற்றில் சீட்டோடு உரசி இறங்கும்போது உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. கார்க் கதவைத் தொட்டதும் சுரீர் என்று ஷாக் அடித்தால், உடலில் ஏறத்தாழ 3,000 வோல்ட்டாவது இருந்தது என்று பொருள். அந்தப் பொறியின் ஆற்றல் அரை மில்லிஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஓர் எறும்பைக்கூடச் சுடாத ஆற்றல் இது. ஆனால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளக் கால் மில்லிஜூல் அளவே போதும்.

வாகன ஓட்டிகளே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் அமெரிக்காவில், நாசிலை மாட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்ப வந்து நாசிலைத் தொட்டவர்களின் கையில் தீப்பிடித்த சம்பவங்கள் பல பதிவாகியுள்ளன. நம் ஊரில் ஊழியர் நிரப்பித் தருவது இந்த வகையில் பாதுகாப்பு. கொச்சியின் ஈரக்காற்றும் துணை நிற்கிறது. ஈரப்பதம் கூடும்போது மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடும். ஆனாலும் ஏ.சி. காரிலிருந்து இறங்கி மூடியை நாமே திறப்பதாக இருந்தால், முதலில் காரின் உலோகப் பகுதியில் கையை வைத்துவிட்டுப் பிறகு திறப்பது நல்ல பழக்கம்.

நிலைமின்சாரம் நம் உடலில் மட்டும் சேர்வதில்லை. குழாய்க்குள் வேகமாக ஓடும் பெட்ரோலும் மின்னூட்டத்தைச் சுமந்து வரும். நாசில் டேங்கின் உலோகக் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது எர்த் கம்பி வழியே தரைக்குப் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் போக வழியில்லை. பாட்டிலில் பெட்ரோல் கேட்டு வருபவரை ஊழியர் திருப்பி அனுப்பினால் அதற்குக் கோபப்படக் கூடாது.

அலைபேசி பற்றியும் சொல்ல வேண்டும். அலைபேசியின் அலைகளால் பங்க்கில் தீப்பிடித்ததாக உறுதியான சான்று இல்லை. ஆனால் பேசிக்கொண்டே நிற்பவரின் கவனம் நாசிலில் இருக்காது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டும் காலத்தில் அலைபேசியைத் தவிர்க்க முடியாது என்றால், நிரப்பி முடித்து மூடி போட்ட பிறகு கட்டலாம்.

நாசில் நுனியில் ஒரு சிறு துளை

பெட்ரோல் நாசிலை அருகில் பார்த்தால் அதன் நுனிக்கு உட்புறமாகப் பட்டாணியைவிடச் சிறிய ஒரு துளை தெரியும். பெட்ரோல் ஓடும் வேகம் அந்தத் துளை வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் மட்டம் துளையை மூடியதும் காற்று வருவது நின்றுவிடும். அதனால் கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு இழுபட்டு, கொக்கியை விடுவிக்கும். 'டக்' என்று நின்றுவிடும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. காற்றழுத்தம் மட்டுமே செய்யும் வேலை.

அந்த 'டக்' சத்தத்துக்குப் பிறகும் "ரவுண்டா ஆக்கிடுங்க" என்று நாம் கேட்பதுதான் பிழை. டேங்கின் மேல்பகுதியில் விட்டுவைத்திருக்கும் வெற்றிடம் பெட்ரோல் வெப்பத்தில் விரிவதற்கான இடம். அங்கேயும் நிரப்பினால், ஆவியை மட்டும் பிடித்து வைக்க வேண்டிய கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடும். வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் கார் வெடிக்கும் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். தானாக நிற்கும் அளவுவரை தாராளமாக நிரப்பலாம். அதற்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான்.

சி.என்.ஜி.: இரும்புக்குள் அடைத்த மூச்சு

இப்போது வாயுவுக்கு வருவோம். சி.என்.ஜி.யின் பெரும்பகுதி மீத்தேன். அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் பாதிக்குச் சற்று மேல். கசிந்தால் மேலே ஏறும். எரிவதற்குக் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். தானாகப் பற்றிக்கொள்ள 540 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். இந்த மூன்று கணக்கிலும் பெட்ரோலைவிட மீத்தேன் சாது.

அடுப்பெரிக்கும் எல்.பி.ஜி.யோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் கவிழ்ந்த டேங்கர் லாரியிலிருந்து வெளியான எல்.பி.ஜி. சாலையோர வீடுகளுக்குள் புகுந்து பற்றியதில் 20 பேர் இறந்தார்கள். கேரளத்தின் மனதில் 'காஸ்' என்றாலே எழும் அச்சத்துக்கு அந்த இரவும் ஒரு காரணம். மீத்தேன் அப்படித் தாழ்ந்து தேங்குவதில்லை.

ஆனால் சி.என்.ஜி. சிலிண்டருக்குள் அழுத்தம் 200 பார். கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 90 மடங்கு. சிலிண்டர்ச் சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 200 கிலோ எடை தள்ளிக்கொண்டிருப்பதற்குச் சமம். தீயே இல்லாவிட்டாலும், வால்வோ குழாய் இணைப்போ பிய்த்துக்கொண்டால் அந்த உலோகத் துண்டு தோட்டாவைப்போலப் பாயும். அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவது நிரப்பும் அந்த ஐந்து நிமிடங்களில்தான். சிலிண்டருக்கு மேலும் முன்னும் ஆள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதால்தான் மழையானாலும் இறக்கிவிடுகிறார்கள்.

நிரப்பும்போது கவனித்தால் இரண்டு விந்தைகளைப் பார்க்கலாம். 250 பார் வரை அழுத்தி வைத்திருக்கும் சேமிப்புச் சிலிண்டர்களிலிருந்து வாயு குறுகலான வழியில் சீறி விரிவதால், நாசில் பக்கம் சில்லென்று குளிர்ந்து நீர்த்துளி கட்டும். அதே வாயு நம் சிலிண்டருக்குள் போய், பின்னால் வரும் வாயுவால் நெருக்கப்படும்போது சூடேறும். சில நிமிடங்களில் உள்ளே வெப்பம் 20, 30 டிகிரி கூடிவிடும். மீட்டர் 200 காட்டியதும் நிறுத்துகிறார்கள். இரவில் கார் குளிர்ந்ததும் காலையில் முள் 180 அளவில் நிற்கும். "குறைச்சலாப் போட்டு ஏமாத்திட்டாங்க" என்ற சண்டைக்கு இதுதான் மூலகாரணம். உண்மையில் ஏமாற்று எதுவும் இல்லை. சி.என்.ஜி. கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. வாயு ஓடும் குழாயை அதிரவைத்து, அந்த அதிர்வின் மாற்றத்திலிருந்து எடையை நேரடியாக அளக்கும் கருவி உள்ளே இருக்கிறது. அழுத்தம் குறைந்தாலும் கொடுத்த காசுக்கான கிலோ சிலிண்டரில் இருக்கிறது. இது புரியாமல் "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று வற்புறுத்துவது, உலோகத்துக்கு விதித்த வரம்பை மீறச் சொல்வது.

உப்புக்காற்றும் மூன்றாண்டுத் தேதியும்

சி.என்.ஜி. சிலிண்டர் சாமானியமாக வெடிக்காது. தடித்த எஃகில், பற்றவைப்பு இல்லாமல் செய்தது. கார் தீப்பிடித்தால் சுமார் 110 டிகிரியில் உருகும் ஓர் அடைப்பு வாயுவை வெளியே விட்டு, சிலிண்டர் வெடிக்காமல் காக்கும். நல்ல முறையில் பொருத்திய சி.என்.ஜி. கிட்டில், டிக்கிக்குள் கசியும் வாயு காருக்கு வெளியே போக வால்வைச் சுற்றி உறையும் குழாயும் இருக்கும்.

இத்தனை காவலும் எஃகு எஃகாக இருக்கும்வரைதான். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் சேர்ந்த பகுதி மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலம். உப்பு கலந்த ஈரக்காற்று ஆண்டு முழுக்க வீசுகிறது. பழைய மசாலாக் கடைகளின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே அந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். சிலிண்டரில் துரு முதலில் பிடிக்கும் இடம் கண்ணில் படாதது: சிலிண்டரைக் கட்டிவைக்கும் பட்டைக்கு அடியில், ரப்பர் வார்க்கும் எஃகுக்கும் நடுவே. அங்கே புகும் ஈரம் காய்வதே இல்லை. வெள்ளம் புகுந்த காரில் இது இன்னும் மோசம்.

அதனால்தான் மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். அந்தச் சோதனையின் முறை அழகானது. காலி சிலிண்டரில் தண்ணீரை நிரப்பி, இன்னொரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏற்றுகிறார்கள். சிலிண்டர் கொஞ்சம் உப்பும். வெளித்தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் எவ்வளவு உப்பியது என்று சொல்லும். அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பினால் எஃகு ஆரோக்கியம். திரும்பாமல் பருத்தே இருந்தால் அதன் காலம் முடிந்தது. காற்றால் சோதிக்காமல் தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம், தண்ணீர் அழுத்தத்தில் சுருங்குவதே இல்லை எனலாம். சிலிண்டர் பிளந்தாலும் சேமித்த ஆற்றல் இல்லாததால் சீறிப் பாயாது.

மேலே ஏற இடமில்லாதபோது

மீத்தேன் சாது என்று சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அது மேலே ஏறிப் போக வானம் வேண்டும். பங்க்கில் வானம் இருக்கிறது. மட்டாஞ்சேரியின் குடோன்களிலும், வீட்டோடு ஒட்டிய கொட்டகைகளிலும் கூரை இருக்கிறது.

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். அதன் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். அதில் 5 சதவீதம் மீத்தேன் நிறைய 1.4 கன மீட்டர் வாயு போதும். எடையில் ஒரு கிலோவுக்கும் குறைவு. 60 லிட்டர் சிலிண்டரில் 9, 10 கிலோ இருக்கிறது. வாயு கூரைக்கு அடியில் தேங்கத் தொடங்குவதால் அங்கே இதைவிடக் குறைந்த அளவிலேயே ஆபத்தான கலவை உருவாகிவிடும். பழைய ஓட்டுக்கூரைகளின் சந்துகள் வழியே வாயு தப்பித்துப் போகும். அதை இடித்துவிட்டுத் தட்டைக் கான்கிரீட் கூரை போட்டு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்தால் போக வழியே இல்லை. பெட்ரோல் வண்டி நிற்கும் கொட்டகைக்குத் தரையோடு ஒட்டிய திறப்பு வேண்டும். சி.என்.ஜி. வண்டி நிற்கும் கொட்டகைக்குக் கூரையோடு ஒட்டிய திறப்பு வேண்டும். இரண்டையும் சுமக்கும் காருக்கு இரண்டு திறப்பும் வேண்டும்.

மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அழுகிய முட்டையைப்போல நாறும் கந்தகச் சேர்மம் ஒன்றை வேண்டுமென்றே கலக்கிறார்கள். எரியும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்கு கண்டுபிடிக்க வேண்டும் என்பது கணக்கு. விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் அடித்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், ஃபேனைப் போடாதீர்கள், காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கதவை அகலத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு தள்ளிப் போய், தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். நாற்றம் போன பிறகு மெக்கானிக்கை வரவழைத்துக் கசிவைக் கண்டுபிடிக்காமல் அந்த வண்டியில் மீண்டும் காஸ் நிரப்பக் கூடாது.

கேரளம் தில்லியைவிட வெகு தாமதமாகவே சி.என்.ஜி.க்கு வந்தது. தில்லிப் பேருந்துகளை மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1998இலேயே உத்தரவிட்டது. கொச்சியில் முதலில் வந்த சிலிண்டர்கள் இரண்டு மூன்று சோதனைத் தவணைகளை இப்போதுதான் கடக்கின்றன. வண்டி கைமாறும்போது சோதனைத் தேதி யாருக்கும் தெரியாமல் போவது எளிது. கிட் பொருத்தியவர் ஒட்டிய தகட்டில் அடுத்த சோதனை எப்போது என்று பொறித்திருக்கும். பழைய சி.என்.ஜி. கார் வாங்குபவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தகட்டைப் படிக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர் இன்று மாலையே பானட்டையும் டிக்கியையும் திறந்து பார்த்துவிடலாம். தேதி கடந்திருந்தால், அடுத்த வரிசையில் நிற்க வேண்டிய இடம் பங்க் அல்ல, சோதனை நிலையம்.